ஒரு பிடி மலைமண்

தையற்காரியின் ஜன்னலோரத் தொட்டியில் பதினோரு ஆண்டுகள் மலைக்காற்று வீசியது. தொட்டிக்கு வெளியே தூசிகூட அசையாது. தொட்டியிலிருந்த மரம் மட்டும் சாய்ந்து ஆடும். வெட்டிப் போட்ட நூல்கள் பக்கத்தில் போனால் அதன் இலைகளில் சிக்கிக்கொள்ளும். அளவு கொடுக்க வந்தவர்கள் கையை நீட்டியபடி அதைப் பார்ப்பார்கள். பிறகு, சட்டை என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்பார்கள்.

மரத்துக்கு இருநூறு வயது, முழங்கால் உயரம். அவளும் கணவரும் மலைவிளிம்பில் ஒரு பாறை இடுக்கிலிருந்து எடுத்து வந்தது. பக்கத்தில் அதற்கு ஜோடி போல இன்னொன்று நின்றது. தொட்டியில் குறுமரமாக வளர்க்கும் போன்சாய்க்குக் காட்டு மரத்தை ஒரே நாளில் பிடுங்க முடியாது. ஓர் ஆண்டு பாதி வட்டம் தோண்டி, நீண்ட வேர்களை அறுத்து, ஈரப் பாசி வைத்து மூட வேண்டும். அடுத்த ஆண்டு மறுபாதி. அடிமரத்தை ஒட்டிச் சல்லிவேர் விட்ட பிறகே தூக்கலாம். இரண்டாவது மரம் சல்லிவேர் விடவில்லை. மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பிய கணவரிடம், "இனிமே அந்த மரம் இல்லாம இந்த வாசப்படி மிதிக்காதீங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். உதட்டில் குண்டூசிகள் இருந்ததால் சிரிக்க முடியவில்லை. அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் இருமுறை தேடிப் போனாள். பேருந்து அதே இடத்தில்தான் இறக்கிவிட்டது. மலை இருந்தது, விளிம்பு இல்லை.

அவர் போன மாதமே தொட்டியில் காற்று தொடங்கியது. அதில் கடப்பாரை பாறையில் படும் ஓசை கேட்கும். மாலை நான்கு மணிக்கு அவர் இரண்டு முறை செருமுவார். பேசுவதற்கு முன் செருமுவது அவர் வழக்கம். ஆனால் பேச்சு வராது. அவளும் பேசவில்லை. செருமியவர்தானே பேச வேண்டும்.

மரத்தோடு வந்த மலைமண் ஆண்டுக்காண்டு இறுகியது. அதைக் கழுவி எடுத்துவிட்டுப் புது மண் போட வேண்டும், அதுவும் ஒரே முறையில் அல்ல. பாதியை எடுத்து, இரண்டு ஆண்டு கழித்து மறுபாதி. அவள் தள்ளிப்போட்டாள். ஒன்பதாம் ஆண்டில், செவிலியான நாத்தனார் நச்சரித்த பிறகு ஒரு பாதியைக் கழுவினாள். அதற்குப் பின் காற்று இடப்பக்கம் மட்டும் வீசியது. அவர் ஒரு முறைதான் செருமினார்.

பதினோராம் ஆண்டு, ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றது. இலைகள் பழுத்தன.

"மரம் மூச்சு முட்டிச் சாகுது அண்ணி" என்றாள் நாத்தனார்.

"மிச்சம் இருக்கறது ஒரு செருமல். அதையும் கழுவச் சொல்றியா?"

"மரம் போனா அதுவும்தான் போகும். அண்ணன் ரோஷத்தையும் உங்க ரோஷத்தையும் சேர்த்துக் குழைச்சா ஒரு வீடே கட்டலாம், போங்க."

துளிர்மொட்டுகள் திரளும்வரை அவள் காத்திருந்தாள்; வேரைத் தொட அதுதான் பருவம். ஒருநாள் மரத்தை வாளிக்கு மேல் சாய்த்து, மூங்கில் குச்சியால் மண்ணைக் கிளறி உதிர்த்தாள். அடிமரத்துக்குக் கீழே ஒரு பிடி மிஞ்சியதும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான்கு மணிக்கு அவர் செருமினார். அவள் குனிந்து, "மரம் வேணாம். நீங்க வாங்க" என்றாள். என்ன பதில் வருமோ என்ற பயத்தில் உடனே தண்ணீரை ஊற்றி அந்தப் பிடி மண்ணையும் கழுவினாள்.

காற்று நின்றது. இலைகளில் சிக்கியிருந்த நூல்கள் தரையில் விழுந்தன. மரத்தைப் புது மண்ணில் வைத்து, அசையாமல் கம்பியால் தொட்டியோடு கட்டினாள்.

மரம் துளிர்த்தது. நான்கு மணியானால் அவள் தையல் இயந்திரத்தை நிறுத்துவாள், பிறகு மிதிப்பாள். அவருக்குக் கேட்டதா என்று தெரியாமலே இரண்டு ஆண்டுகள் போயின.

ஒருநாள் பேருந்து ஓட்டுநர் ஒருவர் கால்சட்டையின் இடுப்பைத் தளர்த்த வந்தார்.

"மலைப்பக்கம் ஒரு பெரியவர் ரோட்டோரமா வேர் ஓட்டிட்டு வர்றாரும்மா."

"வேரையா?"

"மாடு ஓட்டற மாதிரிதான். முன்னாடி மண்ணைக் கொத்தி விடறாரு, ஈரப் பாசி போடறாரு, அது நுனியை நீட்டுது. மரம் இன்னும் மலையிலதானாம். வேர் வந்துட்டா மரம் வராம எங்க போகும்ங்கறாரு. ஏறுங்க, கொண்டுபோய் விடறேன்னேன். 'நான் ஏறிடுவேன், வேர் ஏறாதே'ன்னுட்டாரு."

அவள் அளவு நாடாவைக் கீழே வைத்தாள். "வேற என்ன சொன்னாரு?"

"'வீட்ல மரம் வேணாம்னுதான் சொன்னாங்க, அதுக்காக வெறுங்கையோடவா போறது'ன்னாரு. எது கேட்டாலும் செருமிட்டுத்தான் பதில்."

"எத்தனை தடவை?"

"எதும்மா?"

"செருமறது."

ஓட்டுநர் யோசித்தார். "ரெண்டு."

அவள் உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினாள். பிறகு சிரித்தாள். "அவசரமில்ல, மெதுவாவே வரச் சொல்லுங்க. நுனி அறுந்துடப் போகுது."

மலையிலிருந்து அவள் வீட்டுக்குத் தொண்ணூற்றாறு மைல். இப்போது அவரும் வேரும் நாற்பதாவது மைல்கல்லுக்கு வந்திருக்கிறார்கள். நெடுஞ்சாலைத் துறையினர் அங்கே ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள். வேர் நகர நகர அதையும் பெயர்த்து முன்னால் வைக்கிறார்கள்.