வாசிக்காமல் விட்ட வரி

விடிவதற்கு முன் அர்ச்சுனன் குழாயடியில் தலையை நனைத்தால் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் யாராவது ஒருவர் வாயைத் திறக்காமல் போகமாட்டார்கள். பூ வாங்கி வரட்டுமா என்பான் ஒருவன். புடவையும் சேர்த்து வாங்கு என்பான் இன்னொருவன். அர்ச்சுனன் முதுகில் பாதிவரை விழுந்த முடியைப் பிழிந்து, கொண்டை போட்டு, மேலே ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பத்து காஜா என்ற ஊரில் இருந்த மரம் அறுக்கும் ஆலைக்குச் சைக்கிளை மிதிப்பான்.

அது ஆசைக்கு வளர்த்த முடியில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவன் மகள் காய்ச்சலில் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளை பிழைத்தால் மூன்று வருஷம் தலையில் கத்தி படாமல் வளர்த்து, தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலில் முடியிறக்கிக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்தாள். இப்போது 1973, ஆவணி மாதம். தைப்பூசத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. இடையில் தங்கை மங்களத்தின் கல்யாணம் வந்தது, சிங்கப்பூரில்.

மாப்பிள்ளை காசிவிஸ்வநாதன் சிங்கப்பூர்க்காரன். அவன் அப்பா சீனி துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். கோயில், மண்டபம், சாப்பாடு எல்லாம் அவர் ஏற்பாடு. பெண் வீட்டார் பஸ் பிடித்து வந்து சேர்ந்தால் போதும். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் கூடப்பிறந்த அண்ணன் அர்ச்சுனன்தான். அதற்காக அவன் எடுத்து வைத்த வேட்டியை மனைவி மூன்று முறை பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டாள்.

இந்த இடத்தில் ஐயாவுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தாண்டினால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை, அக்கா முத்தம்மாவின் புருஷன். ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணி, எழுத்து வேலை. கறுப்புத் தோல்பை ஒன்று அக்குளிலேயே இருக்கும். எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடமாட்டார். லயத்து ஜனங்களுக்குப் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் பூர்த்தியாகும். அதனால் அவர் வந்தால் நாற்காலி வரும், பின்னாலேயே ஒரு கோப்பை மைலோ வரும்.

ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று ஆபீசை மூடியபின் லயத்துக்குத் தபால் வருவது நின்றுபோனது. எல்லாருடைய கடிதமும் ஐயாவுவின் ஈப்போ முகவரிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து, சத்தமாக வாசித்துக் காட்டி, மடித்துத் தன் பையிலேயே போட்டுக்கொள்வார். மங்களம் தோட்டப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள், தமிழைத் தண்ணீர் மாதிரி வாசிப்பாள். இருந்தாலும் மூத்த மாப்பிள்ளை வாசிக்க வீடே கேட்பதுதான் மரியாதை என்று இருந்துவிட்டார்கள். அந்த மரியாதைதான் அவர்களைக் கவிழ்த்தது.

ஆடியில் சீனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மண்டபம் பிடித்தாகிவிட்டது, எல்லாரும் பாஸ்போர்ட்டோடு வரவும், எல்லையில் பூர்த்தி செய்யும் காகிதத்தில் தங்கும் முகவரியாக என் வீட்டைப் போடவும் என்று ஐயாவு வாசித்தார். அடுத்த வரியையும் அவர் கண் வாசித்தது, வாய் வாசிக்கவில்லை. நீள முடி வைத்த ஆண்களை இங்கே உள்ளே விடுவதில்லை, பரிசம் போட வந்தபோது அர்ச்சுனன் தம்பியின் முடியைப் பார்த்தேன், முன்கூட்டியே சொல்லி ஒரு வழி பண்ணுங்கள் என்று சீனி எழுதியிருந்தார். பத்து நாள் கழித்து அதையே இரண்டாம் கடிதத்தில் நினைவுபடுத்தினார். அந்தக் கடிதம் லயத்துக்கே வரவில்லை.

ஏன் மறைத்தார்? மரம் அறுக்கிறவன், கொண்டைக்காரன், சிங்கப்பூர்ச் சபையில் நின்று தாரை வார்த்தால் தன் கௌரவம் என்ன ஆவது என்ற புழுக்கம்தான். தான் இத்தனை படித்து, இத்தனை ஓடியாடி, கடைசியில் பந்தியில் உட்கார்ந்து எழுந்து வருவதா? எல்லையில் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டால் அந்த இடம் தானாக மூத்த மாப்பிள்ளைக்கு வரும். பழியோ அரசாங்கத்தின் மேல் போகும். அவருடைய பெட்டியில் புதுப் பட்டு வேட்டி ஒன்று இருந்தது. இது எதற்கு என்று முத்தம்மா கேட்டதற்கு, இருக்கட்டும் தேவைப்படும் என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் விடிகாலையில் பஸ் புறப்பட்டது. நாற்பது பேர். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ஐயாவுவின் பையில் இருந்தது, தொலைத்துவிடுவீர்கள் என்று அவரே வாங்கி வைத்துக்கொண்டார். தஞ்சோங் மாலிமில் நிறுத்தி நாசி லெமாக் சோறு சாப்பிட்டபோது, கொண்டையில் துண்டைக் கட்டியிருந்த அர்ச்சுனன் அவருக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தான். அவர் கூசாமல் வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் நாலரைக்கு, மலேசியக் கோடியில் இருக்கும் ஜொகூரிலிருந்து பாலத்தைத் தாண்டி, ஐயாவு எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூர்ச் சோதனைக் கூடத்தில் வரிசையாக நின்றார்கள். மங்களமும் பெண்களும் முத்திரை வாங்கி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அர்ச்சுனனின் முறை வந்தது. அதிகாரி துண்டை அவிழ்க்கச் சொன்னார். கொண்டை சரிந்து முதுகில் விழுந்தது. அதிகாரி சுவரைக் காட்டினார். அங்கே ஓர் ஆண் தலையின் படம் ஒட்டியிருந்தது. நெற்றியை மறைக்கும் முடி, காதை மூடும் முடி, சட்டைக் காலரைத் தொடும் முடி, மூன்றும் கூடாது. உள்ளூர்க்காரனோ சுற்றிப்பார்க்க வருபவனோ, ஆணாக இருந்தால் எல்லாருக்கும் ஒரே விதி. வேண்டுதல் என்று அர்ச்சுனன் மலாயில் சொல்லிப் பார்த்தான், மகளின் காய்ச்சலைச் சொன்னான். அதிகாரி கோபப்படவில்லை, கேலி செய்யவுமில்லை.

"பொத்தோங், அத்தாவ் பாலேக்," என்றார். வெட்டு, இல்லாவிட்டால் திரும்பிப் போ.

அர்ச்சுனன் அவிழ்ந்த முடியைக் கையில் சேர்த்துப் பிடித்தான். விடிந்தால் தங்கையின் கல்யாணம். வெட்டினால் பிள்ளை உயிருக்கு ஈடாகச் சாமிக்கு வைத்த முடி நாற்காலிக்குக் கீழே குப்பையாக விழும். வெட்டாவிட்டால், தான் உயிரோடு இருக்கும்போதே தங்கை அண்ணன் இல்லாத பெண்ணாக மணவறையில் நிற்பாள்.

அடுத்து சொந்தக்காரர்கள் ஆரம்பித்தார்கள். அன்று அந்தக் கூடத்தில் அதிகாரியைவிடக் கொடுமையாக நடந்துகொண்டவர்கள் அவர்கள்தான். இவன் ஒருத்தனுக்காக நாற்பது பேர் காத்துக் கிடக்க வேண்டுமா என்றார்கள். சட்டம் தெரியாத காட்டானை யார் கூட்டி வரச் சொன்னது என்றார்கள். பந்தி பரிமாற வந்த ஒரு பெரியப்பா, சாமி என்ன அளவுகோல் வைத்துக்கொண்டு அளக்கப்போகிறதா, வெட்டித் தொலை என்று பல்லைக் கடித்தார். மகளுக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் இவர்களில் ஒருவனும் ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட வரமாட்டான். ஆனால் வாய் மட்டும் எல்லாருக்கும் இருந்தது.

ஐயாவு அவன் தோளில் கை போட்டார். குரலில் அப்படி ஒரு கனிவு.

"மச்சான், சாமி காரியத்துல வெளையாடாத. நீ பஸ்ஸுலயே ஜொகூர் போயி இரு. தாரைய நான் வாத்துட்டு வாரேன். நான் ஒனக்கு வேத்தாளா லா?"

அர்ச்சுனன் அந்தக் கையை விலக்கினான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெட்டிக்கொள்ளச் சம்மதிப்பவர்களுக்காக எதிர்க் கோடியில் உட்கார வைத்திருந்த முடிதிருத்துகிறவரிடம் நடந்தான். தங்கைக்குத் தாரை வார்த்தே தீருவது, சாமியிடம் காலில் விழுந்து கேட்டுக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டான். நாற்காலியில் உட்கார்ந்து, வெட்டுகிற முடியைச் சிந்தாமல் இந்தத் துண்டில் போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். கேட்கும்போதே அழுதுவிட்டான்.

அதற்குள் விஷயம் வெளியே போயிருந்தது. பஸ்ஸை எதிர்பார்த்து நின்ற சீனி கம்பித் தடுப்பு வரைக்கும் ஓடி வந்தார். அந்தப் பக்கம் மங்களம் நின்றாள், பக்கத்தில் முத்தம்மா. சீனிக்கு மூச்சு வாங்கியது.

"கிராணியாரே, ரெண்டு தடவ எழுதுனேனே. தம்பி முடியப் பத்தி ரெண்டு கடுதாசியிலயும் எழுதுனேனே. அவர்ட்ட சொல்லலியா நீங்க?"

தபால் சரியாக வருவதில்லை, ஏதோ ஒன்று வந்தது, அதில் அப்படி இருந்ததாக ஞாபகமில்லை என்று ஐயாவு இழுத்தார். இதற்குமேல் அவருக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. முத்தம்மா புருஷனை உற்றுப் பார்த்தாள். பெட்டியில் இருந்த பட்டு வேட்டி அவளுக்கு நினைவு வந்தது. அவர் அக்குளிலிருந்த பையைத் தடுப்புக் கம்பிக்கு மேலாகப் பிடுங்கினாள். காகிதம் கிழிக்காத மனிதர் அல்லவா? இரண்டு கடிதமும் மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தன. அவற்றை உருவித் தங்கையிடம் கொடுத்துவிட்டு, பையை அவரிடமே திருப்பி எறிந்தாள்.

மங்களம் முதல் கடிதத்தை எடுத்து வாசித்தாள். அந்த வரியை மட்டும் சத்தமாக வாசித்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள், போன மாதத்துத் தேதி.

"அண்ணே, நாக்காலிய விட்டு எந்திரி," என்றாள். "கத்தி பட வேணாம்."

கத்திரிக்கோல் பாதி வழியில் நின்றது. மங்களம் சீனியின் பக்கம் திரும்பினாள். எங்கள் அண்ணன் இங்கே வர முடியாது, ஆனால் உங்கள் மகன் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரலாம், அவர் முடி குட்டைதான், காலையில் ஜொகூர்க் கோயில் ஏதாவது ஒன்றில் தாலி கட்டட்டும் என்றாள். சீனி கொதித்தார். இருநூறு பேருக்குச் சமைக்கச் சொல்லியாயிற்று, மண்டபம் அலங்கரித்தாயிற்று, எத்தனை பேரிடம் பாஸ்போர்ட் இருக்கும் என்று கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மங்களம் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாளே தவிர வார்த்தையை மாற்றவில்லை. கடைசியில் சீனி ஐயாவுவைப் பார்த்து, படித்தவன் என்று நம்பி உனக்கு எழுதினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மகனுக்குப் போன் போடப் போனார்.

மறுநாள் காலை ஜொகூரில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பக்கம் பதினேழு பேர்தான் வர முடிந்தது. நாதஸ்வரம் இல்லை. இருநூறு பேருக்கு ஆக்கிய சோறு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்க, இங்கே கடையில் வாங்கிய இட்லியைச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. மங்களம் அந்த வீட்டுக்குள் போகும்போது அந்த மனத்தாங்கலும் கூடவே போகும். அதையும் ஐயாவு கணக்கில்தான் வைக்க வேண்டும். அர்ச்சுனன் கொண்டை போட்டு, மனைவி மூன்று முறை எடுத்துப் பார்த்த வேட்டியைக் கட்டி, தாரை வார்த்தான்.

முந்தின நாள் பாலத்தைத் திரும்பக் கடந்தபோதும் பழக்கத்தில் எல்லாரும் பாஸ்போர்ட்டை ஐயாவுவின் பையிலேயே போட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் அவர் பழைய குரலைத் தேடிப் பிடித்து, எல்லாரும் பஸ்ஸில் ஏறுங்கள், பாஸ்போர்ட்டெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றார். ஒருவரும் அசையவில்லை. அர்ச்சுனன் எழுந்து வந்து அவர் முன்னால் கையை நீட்டினான்.

"என்னோடதக் குடுங்க மச்சான்."

ஐயாவு சிரிக்கப் பார்த்தார். இது என்ன மச்சான், கோபமா, ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார். நீட்டிய கை அப்படியே இருந்தது. அவர் பையைத் திறந்து தேடிக் கொடுத்தார். அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அர்ச்சுனன் பேசினான். மூன்று வருஷக் கேலிக்கு ஒரு பதில் சொல்லாதவன் அன்று சொன்னான்.

"அந்த ஆபீசர் சட்டத்த செவுத்துல ஒட்டி வெச்சிருந்தாரு மச்சான், வர்றவனெல்லாம் பாக்கலாம். நீங்க அதப் பையில மடிச்சு வெச்சிட்டீங்க. என்னத் தடுத்தது அந்த நாட்டுச் சட்டம் இல்ல, தெரிஞ்சும் சொல்லாத ஒங்க வாயி. தப்பு எங்க மேலயும் இருக்கு. எந்த நாட்டுக்குப் போறதுன்னாலும் அங்க என்ன சட்டம்னு நாங்களே கேட்டுத் தெரிஞ்சுக்கணும். எங்க காயிதத்த நாங்களே வாசிக்கணும். இனிமே வாசிப்போம்."

பந்தி பரிமாறின பெரியப்பா முதலில் வந்தார். நேற்றுப் பல்லைக் கடித்த அதே மனிதர், தலையைக் குனிந்துகொண்டு தன் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினார். பிறகு ஒவ்வொருவராக வரிசை பிடித்தார்கள். நேற்று எல்லையில் நின்ற அதே வரிசைதான். ஐயாவு பெயர் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். பை இளைத்துக்கொண்டே வந்தது.

கடைசியாக முத்தம்மா நின்றாள். நீயுமா என்பது போல ஐயாவு பார்த்தார். அவள் கையை நீட்டினாள். வாங்கிய பாஸ்போர்ட்டைத் திறந்து, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, பஸ்ஸில் ஏறி, தம்பி அர்ச்சுனனுக்குப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.