பேச்சு பிந்தி வரும் தெரு

அந்தத் தெருவில் வாடகை மற்ற இடங்களைவிடப் பாதி, ஏனென்றால் அங்கே பேசியது உலை கொதிக்கும் நேரம் கழித்துத்தான் காதில் விழும். பேச்சு மட்டுமல்ல, கதவு சாத்துவது, பாத்திரம் உருளுவது, தும்மல் என எல்லாச் சத்தமும் பிறந்த இடத்திலேயே காத்துக்கிடந்து, நேரம் வந்ததும் அங்கேயே கேட்கும், ஆள் இருந்தாலும் சரி, போய்விட்டாலும் சரி. நகராட்சி இரண்டு முறை பொறியாளர்களை அனுப்பியது. முதலில் வந்தவர்கள் நிலத்தடி ஈரம் என்றார்கள், அடுத்து வந்தவர்கள் சுவரில் பூசிய சுண்ணாம்பு என்றார்கள். இரண்டு கூட்டமும் தங்கள் முடிவு காதில் விழுவதற்குள் வண்டியேறிப் போய்விட்டது. அதற்குப் பிறகு, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பதைப் போல இதுவும் அந்தத் தெருவின் சங்கதிகளில் ஒன்றாகிவிட்டது. தெருமுனைப் பஞ்சர் கடை வாசலை எட்டிவிட்டால் சொன்னது சொன்னவுடன் கேட்கும் என்பதால், முக்கியமான பேச்சு இருப்பவர்கள் அங்கே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் மனைவியையும் நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு மாற்றலாகி அந்த நகரத்துக்கு வந்தபோது, இதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. சம்பளம் சின்ன ஊர்ச் சம்பளம், வாடகையோ யானை விலை குதிரை விலை. வேலை செய்யும் இடத்துக்கு அருகில் பார்த்த வீட்டுக்கு அவருடைய சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் சமையலறை மட்டும்தான் கிடைத்திருக்கும். ஆற்றுக்கு அப்பால் வீடுகள் விசாலமாகவும் மலிவாகவும் இருந்தன, ஆனால் அங்கிருந்து வேலைக்குப் போய்த் திரும்பினால் மகள் விழித்திருக்கும் நேரத்தில் முகத்தைப் பார்க்க முடியாது. தோல் பதனிடும் ஆலையின் பின்புறம் ஒரு மாடி பிடித்திருந்தது, மனைவி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் படியிறங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே கழிந்தன. வீட்டுத் தரகருக்குச் சாவிக்கொத்து என்று பட்டப்பெயர், நகரத்தைக் கரைத்துக் குடித்தவர். கடைசியில் அவர் குடும்பத்தைப் பஞ்சர் கடை வாசலில் நிறுத்திக்கொண்டு சொன்னார்:

"விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் சார். ரெண்டு ரூம், அடுப்படி, தனி பாத்ரூம், வெளிச்சம், எல்லாம் இருக்கு. ஒரே குறைதான், தெருவுக்குள்ள பேச்சு கொஞ்சம் பிந்தி வரும்."

"எவ்வளவு பிந்தி?" என்று கேட்டாள் மனைவி.

"உலை வெச்சுட்டுப் பேசினீங்கன்னா, அரிசி போடறப்ப கேட்கும்."

"பரவாயில்ல. இவர் வீட்டுல பேசறதே அவ்வளவுதான்," என்றாள். மெக்கானிக் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவள் பல்செட் செய்கிறவள். பழைய ஊரில் ஒரு பல் கூடத்தில் பத்து வருடம் வேலை செய்து, மற்றவர்கள் வந்து சந்தேகம் கேட்கும் நிலைக்கு உயர்ந்திருந்தாள். கடைவாய்ப் பல்லை மேசையில் வைத்தால், யாருடையது என்று சொல்லிவிடுவாள். இங்கே ஒரு பெரிய கூடத்தின் மூலையில், கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை கிடைத்தது. பேசிக்கொள்ளும் பெண்கள் எல்லாரும் கூடத்தின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

தெருவுக்கு முதலில் பழகியது மகள்தான். விழுந்து முட்டி சிராய்த்தால் வாயை மட்டும் அகலத் திறப்பாள், அம்மா அவள் முகத்தைப் பார்த்து ஓடிவந்து தூக்குவாள். குழந்தை சமாதானமாகி மறுபடி விளையாடிக்கொண்டிருக்கும்போது, விழுந்த இடத்தில் அழுகை கேட்கும். யாரோ பக்கத்துக் குழந்தை அழுவதைப் போலத் தலையைச் சாய்த்து, கொஞ்சம் இரக்கத்தோடு அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தத் தெருவில் எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்துப் பழகியிருந்தார்கள். கதவைத் தட்டிப் பயனில்லாததால் ஒவ்வொரு வீட்டிலும் மணிக்குப் பதில் விளக்கு இருந்தது. மாடியில் குடியிருந்த பஸ் கண்டக்டர் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவர், அவருக்கு அது சொர்க்கம். அவர் மனைவிக்குக் கோபம் வந்தால் சொல்ல வேண்டியதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, அது கேட்கத் தொடங்குமுன் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவாள். கொட்டிய சொல்லை அள்ள முடியாது என்பது அங்கேயும் உண்மைதான், ஆனால் ஒதுங்கி நிற்க இடம் இருந்தது.

மெக்கானிக் வீட்டிலும் சண்டை வந்தது. கைகள் ஆடும், உதடுகள் துடிக்கும், பிறகு பசிக்கும். இருவரும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முதல் கவளத்தை எடுக்கும்போது, கூடத்திலிருந்து அவர்களுடைய குரல்களே வந்து அவர்களைக் கிழிக்கும். தான் இவ்வளவு கொடூரமாகப் பேசுகிறவன் என்று அவருக்குக் கல்யாணமாகி ஆறாவது வருடத்தில்தான் தெரிந்தது. கூச்சத்தில் இருவரும் சண்டையைக் குறைத்தார்கள். சண்டையோடு சேர்ந்து பேச்சும் குறைந்தது.

ஒரு நாள் மின்சாரம் இல்லாமல் வேலை நின்றுபோக, மெக்கானிக் மத்தியானமே வீடு திரும்பினார். மனைவி அப்போதுதான் மகளைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். கருவிப் பையை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனவர், அவள் குரலைக் கேட்டார்.

"நான் ஊருக்கே போயிடறேங்க. பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்." கொஞ்சம் இடைவெளி. தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் மெதுவாக: "கோவப்படாம கேளுங்க. அங்க என் மேசை இன்னும் காலியாத்தான் இருக்காம். நீங்க கெட்டவர்னு சொல்லல." மறுபடி இடைவெளி. ராத்திரி அவரிடம் சொல்லப்போவதை அவள் ஒத்திகை பார்த்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. மூன்றாவது முறை குரல் கட்டுப்பாடு இழந்து வந்தது: "இந்த ஊர்ல இருக்கறவங்க வாய்க்கெல்லாம் பல்லு செஞ்சு குடுக்கறேன். நான் வாயத் திறந்து பேசறதுக்கு ஒரு ஆள் இல்ல."

பிறகு குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் கேட்டது. மெக்கானிக் தம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றார். லிஃப்ட் குழிக்குள் மாட்டிக்கொண்டபோதுகூட அவருக்கு இப்படி வியர்த்ததில்லை. ஓடிப்போய் அவளை வழியில் நிறுத்த வேண்டும் என்று முதலில் தோன்றியது. நிறுத்தி என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு, தனக்கே கேட்காத தன் குரலில் கொஞ்ச நேரம் பேசினார். பேசி முடித்ததும் வீட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார். மனைவியும் மகளும் பஞ்சர் கடையருகே வந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன, இன்னிக்கு சீக்கிரமா?"

"கரண்ட் இல்ல. பாப்பாவ எங்கிட்ட விடு. நீ முன்னாடி போ."

"ஏன்?"

"அடுப்படியில போய் கொஞ்ச நேரம் இரு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தத் தெருவில் முகம் படிக்கத் தெரியாதவர்கள் கிடையாது. "கேட்டுட்டீங்களா?"

"மூணு தடவையும்."

அவள் மகளின் கையை அவரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அவர் மகளோடு கடை பெஞ்சில் உட்கார்ந்து, கடைக்காரர் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அழுத்திக் குமிழி தேடுவதைக் காட்டிக்கொண்டிருந்தார். அடுப்படியில் அவள் கேட்டது இதுதான்: "நானும் நாள் பூரா குழிக்குள்ள நின்னுக்கிட்டு இரும்புக் கயித்தோடதான் பேசிட்டிருக்கேன். உங்கிட்ட சொன்னா நீயும் பயந்துடுவியேன்னு சொல்லல. போகணும்னா போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். இருன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கான்னு தெரியல. இருந்தா நல்லா இருக்கும்." அவ்வளவுதான். பிறகு ஒரு தம்ளரை வைக்கும் சத்தம்.

அவள் போகவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிடவும் இல்லை. அடுத்த மாதம் போகலாம் என்றாள், அப்புறம் மழை நிற்கட்டும் என்றாள், அதற்குள் கண்டக்டர் மனைவியோடு கடைக்குப் போகும் பழக்கம் வந்துவிட்டது. முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததை அடுப்படியில் சொல்லிவிட்டு வெளியே போவதும், மற்றவர் உள்ளே போய்க் கேட்பதும் அந்த வீட்டின் வழக்கமாயின. வருடங்கள் போயின. அவளுடைய மேசை பல் கூடத்தின் நடுவுக்கு நகர்ந்தது. மகள் அம்மாவின் தோள் உயரம் வளர்ந்து, தன்னுடைய குரலையும் அடுப்படியில் விட்டுவிட்டுப் போகத் தொடங்கினாள்.

பிறகு, எல்லாரும் யோசித்துக் குறைவாகப் பேசும் அந்தத் தெருவைப் பற்றி வசதியானவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் சத்தம் ஆகாத ஒரு பேராசிரியர் வந்தார், பிறகு கம்ப்யூட்டரோடு சில இளைஞர்கள். ஒரு வார இதழ் அமைதியான தெரு என்று படம் போட்டது. எதைக் குறை என்று சொல்லி வாடகையைப் பாதியாக்கினாரோ, அதையே சிறப்பு என்று சொல்லிச் சாவிக்கொத்து இரண்டு மடங்காக்கினார். பஞ்சர் கடை காபிக் கடையானது. மெக்கானிக் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா ஒரு நாள் கடை வாசலுக்கு அவர்களை வரச்சொல்லி, "எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. கண் டாக்டர் ஒருத்தர் கேட்கறார், என்ன செய்யறது," என்றார். அவர் கஷ்டமும் பொய்யில்லை. குடும்பம் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தேடி அலைந்து, இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், மேலே விமானம் போகிற ஒரு பேட்டையில் இடம் பிடித்தது.

காலி செய்த அன்று கண் டாக்டரின் சாமான் லாரி தெருவில் காத்திருந்தது. அலமாரியை வெளியே எடுத்து, கட்டிலைக் கழற்றி, எல்லாம் வண்டியில் ஏறிய பின் மனைவி மட்டும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி போனது.

கண் டாக்டரும் அவர் மனைவியும் உள்ளே நுழைந்து, பெட்டிகளுக்கு நடுவே நின்றார்கள். முதலில், அங்கே இல்லாத ஒரு கட்டில் கழற்றப்படும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்படியிலிருந்து ஒரு பெண்குரல் அவசரமில்லாமல் பேசியது. "மழைக்காலத்துல இந்த ஜன்னல் இறுகிக்கும், லேசா மேல தூக்கித் தள்ளுங்க. மாடியில கண்டக்டர் ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து குளிப்பார், அப்ப குழாயத் திறக்காதீங்க. சண்டை போட்டீங்கன்னா சாப்பிட்டுட்டுப் போடுங்க. நல்லா இருங்க." டாக்டரின் மனைவி அடுப்படிக்குப் போய் ஜன்னலை லேசாகத் தூக்கித் தள்ளினாள், திறந்துகொண்டது. அதன்பின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், அந்தக் கதவையே திறந்துகொண்டு தாங்கள் இருவரும் பேசியபடி உள்ளே வருவது அவர்களுக்குக் கேட்டது.