ஏணியில் இறங்கிய குழந்தை

தம்பி வந்து விஷயத்தைச் சொன்னபோது தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை. சட்டைக் காலர் ஒன்று பாதியில் இருந்தது. அதை ஓரம் வரை ஓட்டி முடித்து, நூலை அறுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். இன்னொரு தடவை சொல்லு என்றாள்.

தம்பி எலக்ட்ரீஷியன். பழைய தீயணைப்பு நிலையத்தை மூன்று வருடத்துக்கு முன் சின்ன அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். அங்கே விளக்கு மாட்டப் போயிருந்தான். ஏணிமேல் நின்று ஒயரை இழுத்துக்கொண்டிருந்தவன் கண்ணில் ஒரு போட்டோ பட்டது. தீயணைப்பு வீரர் ஒருவர் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு புகைக்குள்ளிருந்து இறங்குகிறார். குழந்தையின் முகம் அவர் கழுத்தில் புதைந்திருக்கிறது. கவுன் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. வலது பக்கமே இரண்டு பாக்கெட், ஒன்றின் கீழ் ஒன்றாக. அப்படி ஒரு கவுனை அடம்பிடித்துக் கேட்டவளும் ஒருத்திதான், தைத்துக் கொடுத்தவளும் ஒருத்திதான்.

"கீழ ஏதாவது எழுதியிருக்காடா?"

தம்பி மென்று விழுங்கினான். "தீயிலேர்ந்து உயிரோட மீட்ட குழந்தை, இன்னிக்கு எங்கேயோ நல்லா வாழ்ந்துக்கிட்டிருப்பான்னு போட்டிருக்கு, அக்கா."

அவள் மகள் செத்து முப்பத்தோரு வருடமாகிறது. அப்போது நாலு வயது. மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரு அறையில் குடியிருந்தார்கள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். மகள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். தைத்த ரவிக்கைகளை இரண்டு தெரு தள்ளிக் கொடுக்கப் போனவள் திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே ஆட்களைத் தடுத்து நிறுத்தியிருந்தார்கள். மெத்தைக் கடைப் பஞ்சில் தீப்பிடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியை விலக்கிக் காட்டினார்கள். தூக்கத்திலேயே புகை ஏறிவிட்டது, பிள்ளைக்கு எதுவுமே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருடம் தள்ளினாள். கணவன் இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தான். வேறு ஊரில் வேலை கிடைத்ததும் போனவன் அங்கேயே தங்கிவிட்டான்.

சனிக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வரவேண்டாம் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். என் கையால உடுத்திப் புதைச்ச பிள்ளையை எவனோ உயிரோட உலாவ விட்டிருக்கான், எவன்னு பார்க்கணும் என்றாள்.

வண்டி நிறுத்தும் கொட்டகையும் இரண்டு அறைகளும்தான் மொத்த அருங்காட்சியகம். பித்தளைத் தலைக்கவசங்கள், நசுங்கிப்போன தோல் வாளிகள், சுருட்டி வைத்த கான்வாஸ் குழாய்கள். கையால் சுற்றும் அபாயச் சங்கு ஒன்றைப் பிள்ளைகள் சுற்றிப் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். அது ஒரு நிமிடம் ஓய்ந்தால் ஒரு நிமிடம் அலறியது. இரண்டாவது அறையின் கோடியில் போட்டோ. அதன் கீழே நாற்காலி போட்டு ஒரு வயதானவர் உட்கார்ந்திருந்தார். போட்டோவில் இருந்த அதே ஆள். வாரா வாரம் வந்து, கேட்பவர்களுக்கு அன்று நடந்ததைச் சொல்வாராம். ஏணிக்காரர் என்றுதான் அங்கே எல்லாரும் அவரைக் கூப்பிட்டார்கள்.

தையல்காரி போட்டோவை நெடுநேரம் பார்த்தாள். பாக்கெட்டின் ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. மறுநாள் தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

பொறுப்பாளர் பக்கத்தில் வந்து நின்றார். ஓய்வுபெற்ற நிலைய அதிகாரி. சட்டைப்பையில் இரண்டு பேனா, பேச்சில் பெருமை. எங்களிடம் உள்ளதிலேயே அருமையான படம் இது என்று ஆரம்பித்தார்.

"இது என் பொண்ணு," என்றாள் தையல்காரி. "அன்னிக்கே செத்துப்போயிட்டா."

பொறுப்பாளர் ஏணிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். ஏணிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முயன்று, முட்டி ஒத்துழைக்காமல், அதன் கையைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார். "அன்னிக்குச் சாயங்காலமே ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா இதுக்குக் கீழ உட்கார்ந்திருக்கீங்க?"

அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். முதன்முதலாக இங்கே வந்த பள்ளிப் பிள்ளைகள், அந்தப் பாப்பா இப்போது எங்கே என்று கேட்டார்களாம். இருபது முகம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது செத்துவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பொறுப்பாளர் அடுத்த வாரமே பலகையில் எழுதிவிட்டார். பிறகு அவரும் மறுக்கவில்லை. மூன்று வருடத்தில் சொல்லிச் சொல்லி, சில நாள் அவருக்கே அது நிஜம்போல் ஆகிவிட்டது.

தையல்காரி அதோடு திரும்பியிருக்கலாம். வந்த காரியம் முடிந்துவிட்டது. பலகையை உடனே மாற்றிவிடுவதாகப் பொறுப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஏணிக்காரருக்கு மனசு ஆறவில்லை. பொய்யன் என்று மட்டும் நினைத்துக்கொண்டு அவள் போய்விடக் கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேம்மா. நான் செத்த பிள்ளையைத் தூக்கிட்டு வரல. ஜன்னலை உடைச்சு உள்ள போனப்ப அவ கட்டில்ல இல்ல. கதவோரமா உட்கார்ந்திருந்தா. தூக்கினதும் என் காலரைப் பிடிச்சுக்கிட்டா. உயிர் இருந்துச்சும்மா. பேசக்கூடச் செஞ்சா."

"தூங்கலையா அவ?"

"இல்லம்மா."

"என்ன பேசினா?"

"'அம்மா, கதவு தொறக்கல'ன்னா. ரெண்டு தடவை சொன்னா. அந்தப் புகையில என்னை நீங்கன்னு நினைச்சுக்கிச்சு போலிருக்கு."

பக்கத்து அறையில் யாரோ சங்கைச் சுற்றினார்கள். அது ஏறி, உச்சிக்குப் போய், மெல்ல இறங்கி அடங்கியது. தையல்காரி உள்ளங்கை இரண்டையும் புடவையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"வெளிய பூட்டிட்டுப் போனது நான்தான்," என்றாள்.

அது அவளை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. முப்பத்தோரு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போனேன் என்றுதான் கணவனிடமும் தம்பியிடமும் போலீசிடமும் சொல்லியிருந்தாள். கதவு எரிந்து கரியானபின் பூட்டை யார் தேடினார்கள்? தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று டாக்டர் சொன்ன பிறகு, பூட்டினால் என்ன, பூட்டாவிட்டால் என்ன என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் முதுகில் கை வைத்திருந்த தம்பி கையை எடுத்தான். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். ஏணிக்காரர் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். பொறுப்பாளர் மட்டும் பேனாவை எடுத்து, உள்ளங்கை அளவு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, வெளிப்பக்கப் பூட்டா அம்மா என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றாள். உண்மையைத்தான் எழுதவேண்டும், நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று என்றார் அவர்.

பஸ்ஸில் தம்பி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும் இடம் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உடனே வந்துடலாம்னுதானே பூட்டின?"

"பத்து நிமிஷம்னுதான் போனேன். அந்தம்மா ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, கை இறுக்குதுன்னு அங்கயே பிரிச்சுத் தைக்கச் சொன்னாங்க. அரை மணி ஆயிடுச்சு."

அவன் தலையாட்டினான். அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குப் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் புதுப் பலகை வந்தது. தம்பி போனில் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். 'தனியே வைத்துப் பூட்டிவிட்டுச் சென்றதால் கதவருகே உயிருக்குப் போராடிய குழந்தை. மருத்துவமனையில் இறந்தது. பெற்றோரே, சிந்திப்பீர்!' பள்ளிப் பிள்ளைகள் இப்போது அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கிறார்களாம். விழிப்புணர்வுச் சுவரொட்டிக்கு அதே படத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்று பொறுப்பாளர் தம்பியிடம் சந்தோஷமாகச் சொன்னாராம்.

"எடுக்கச் சொல்லட்டுமா அக்கா?"

"பொய் ஏதாவது இருக்கா அதுல?"

"இல்ல."

"அப்புறம் என்னன்னு சொல்லி எடுக்கச் சொல்லுவ?"

அந்த மாதக் கடைசியில் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். அவர்கள் மகள் மறுபடி வேலைக்குப் போகிறாள். கைக்குழந்தையைப் பகலில் தையல்காரியிடம் விட்டுவிடலாம் என்று முதலில் பேசிவைத்திருந்தார்கள். இப்போது ஆபீஸ் பக்கத்திலேயே ஒரு காப்பகம் கிடைத்துவிட்டதாம். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம் அண்ணி, மிஷின் வேலை வேற இருக்கு என்றாள். குரலில் குறை ஒன்றும் இல்லை. வழக்கத்தைவிட இரண்டு பங்கு இனிமையாகவே பேசினாள். நல்லதாப் போச்சு என்றாள் தையல்காரி.

பிறகு ஒருநாள் காலையில் ஏணிக்காரர் வந்தார். தம்பியிடம் விலாசம் கேட்டு, மாடிப்படி ஏறி, மூச்சிரைக்க வாசலில் நின்றார். அருங்காட்சியகத்துக்குப் போவதை விட்டுவிட்டதாகச் சொன்னார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னேனேம்மா, அது... அவ்வளவு புகையில, சத்தத்துல, எனக்குச் சரியாக் கேட்டிருக்காது. அவ ஒண்ணும் பேசியிருக்க மாட்டான்னுதான் இப்பத் தோணுது. தூக்கத்துலதான் இருந்திருப்பா."

தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். இந்தப் பொய்யைச் சொல்ல அவர் எத்தனை நாள் ஒத்திகை பார்த்தாரோ என்று நினைத்தாள். கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"பிள்ளைங்ககிட்ட சொன்னப்ப இதைவிட நல்லாச் சொல்லியிருப்பீங்க, ஐயா."

அவருக்குப் பின்னால் ரவிக்கைத் துணியோடு ஒரு பெண் படியேறி வந்தாள். ஏணிக்காரர் சுவரோடு ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். வந்தவளின் தோளில் டேப்பை வைத்த தையல்காரி, கையைத் தூக்குங்க என்றாள்.