சரோஜத்தைக் கேட்காத பொருத்தனை

1

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. பருவநிலை பற்றி உலக மேடையில் கொடுக்கும் வாக்கை எந்தெந்த நாட்டு அரசியலமைப்பு எப்படிக் கையாளுகிறது என்று ஒப்பிட்டு, ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை தருவதாகத் தலையாட்டிவிட்டேன். எனக்குச் சட்டம் தெரியாது. ஜெயஷீலாவுக்குத் தெரியும், இங்கே திருவனந்தபுரத்தில் சட்டம் கற்பிக்கிறாள். நான் குடியிருக்கும் ஸ்ரீவராகத்திலிருந்து நடந்துபோய், கிழக்கேகோட்டை காப்பிக்கடையில் அவளைப் பிடித்தேன்.

அன்று எழுதிய முதல் வரி: "மானுடத்தின் எதிர்காலம் இன்று ஒரு கையெழுத்தில்..." (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

2

"நம்ம நாட்டுல கையெழுத்துப் போடதுக்கு மந்திரிசபை மதி, அது போதும் சார்," என்றாள் ஜெயஷீலா. "பார்லமென்ட்ட கேக்கணும்னு இல்ல. பின்னே அத நடத்தச் சட்டம் வேணும்னா பார்லமென்ட்தான் போடணும். நெதர்லாந்துல அப்படியில்ல. பார்லமென்ட் சம்மதிச்ச பெறகுதான் உடன்படிக்கை கட்டுப்படுத்தும்."

காப்பியை ஆற்றியபடியே சொன்னாள்: "எங்க வீட்டுலயும் இப்ப இதே கேஸ்தான்."

கட்டுரை அங்கேயே செத்தது.

3

அவள் அப்பா சத்தியநேசன் பாறசாலைப் பக்கம் விவசாயி. அவர்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே எழுந்து நின்று பொருத்தனை* சொல்வது வழக்கம். போன ஞாயிறு, கடலேற்றத்தில் வீடிழந்தவர்களுக்காக ஜெபித்தார்கள். சத்தியநேசன் எழுந்தார். பள்ளிக்கூட முகாமில் கிடக்கும் நீது என்பவளின் குடும்பம் வீடு கட்ட மூன்று சென்ட் நிலம் தருகிறேன் என்றார். சபையே ஆமென் சொன்னது.

நிலம் மனைவி சரோஜத்தின் பேரில் இருக்கிறது. பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் செய்தி அப்போதுதான் தெரிந்தது.

* சபையார் கேட்கக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. தேங்காய், கோழி என்றுதான் சொல்வார்கள். நிலம் கொஞ்சம் ஓவர்.

4

சத்தியநேசனை முதலில் நல்லவராக எழுதினேன். பிறகு சந்தேகம் வந்தது. ["அவர் கண்களில் ஒரு பெருமிதம்..." வேண்டாம்.] நல்லவர்தான், அடுத்தவர் நிலத்தில். உச்சி மாநாட்டு மேடைகளைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் தெரிகிறது.

"கர்த்தருக்க முன்ன சொன்ன வாக்கு சரோஜம். இனி மாத்த ஒக்குமா?"

"சபையில எழும்பி நின்னது நீங்க. மரச்சீனி நட்டது நான். ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டியளா?"

5

கதைக்கு முடிவுகள் கைவசம் உண்டு.

அமெரிக்க முடிவு: அங்கே ஒரு ஜனாதிபதி சேர்ந்த ஒப்பந்தத்திலிருந்து அடுத்தவர் விலகினார். அதுபோல அடுத்த ஞாயிறு சரோஜம் எழுந்து, வாக்கு செல்லாது என்கிறாள்.

நெதர்லாந்து முடிவு: அங்கே குடிமக்கள் தரப்பு வழக்குப் போட, உமிழ்வைக் குறைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே அரசுக்கு உத்தரவிட்டது. நீதுவும் சபைக் கமிட்டியில் முறையிட்டு...

இல்லை, முறையிட மாட்டாள். ஜெயஷீலாவோடு போய் அவளைப் பார்த்துவிட்டேன்.

6

நீதுவின் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். இப்போது தூங்குவதும் அவளுடைய வகுப்பறையில்தான். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பாய் விரித்திருந்தார்கள்.

"சரோஜம் அம்மச்சிக்கு இஷ்டமில்லாத பூமி எங்களுக்கு வேண்டாம் சேச்சி," என்றாள் நீது. "திங்கக்கெழம ஸ்கூல் தொறக்கும், நாங்க இங்கேருந்து எறங்கணும். அதுக்கு முன்ன உண்டு, இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா மதி."

கட்டுரைக்காக ஒரு கேள்வி வைத்திருந்தேன். கேட்கவில்லை.

7

ஜெயஷீலா இதை அம்மாவிடம் சொன்னாள். சரோஜம் சனிக்கிழமை சாயங்காலம் அந்த மூன்று சென்டுக்குப் போய், ஒரு மரச்சீனிச் செடியைப் பிடுங்கினாள். மரவள்ளிக் கிழங்கு விரல் பருமன்தான் இருந்தது. எவ்வளவு விளைந்திருக்கிறது என்று பார்த்தாளா, இடத்தை ஒழிக்கத் தொடங்கினாளா, தெரியவில்லை.

சத்தியநேசன் வேலிக்கு வெளியே நின்றார். "நான் உள்ள வரட்டா?" என்று கேட்டார்.

அடுத்து அவள் என்ன சொன்னாள் என்று எழுத எனக்குக் கை வரும். எழுத மாட்டேன். அவளைக் கேட்காமல் அவள் சார்பில் ஒருவர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டார். இரண்டாவது ஆள் நானாக வேண்டாம். நீங்கள் முடிப்பதென்றால் முடியுங்கள். முதலில் வேலியோரம் நின்று அவளைக் கேளுங்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.