மோதிர விரல்

பெட்டிக்குள் என் கைகள் தோள்வரை போயிருந்தன. கண்ணாடிப் பெட்டி. அதன் சுவரிலேயே பொருத்திய தடித்த கறுப்பு ரப்பர் கையுறைகள். உள்ளே நைட்ரஜன் மட்டும். நான் இந்த அறையில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். என் கைகள் வேறொரு கிரகத்தில் இருந்தன.

அங்கே ஒரு குடுவையில் துரு நிறத் திரவம். அதில் கண்ணுக்கே தெரியாத, நாளை மருந்தைச் சுமக்க வேண்டிய இரும்புத் துகள்கள். அப்படியே ரத்தத்தில் விட்டால் வெள்ளை அணுக்கள் அவற்றை அந்நியர் என்று விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு துகளுக்கும் மேல்பூச்சு வேண்டும். பம்ப் அதைச் சொட்டுச் சொட்டாக விடும்; இரண்டு மணி நேரம். நடுவில் ஈரம் பட்டால் பூச்சு துகளில் ஒட்டாமல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். எல்லாம் கட்டி தட்டிப்போகும். எட்டு மாதங்களில் ஏழு முறை கட்டி தட்டிவிட்டது. பூச்சுத் திரவத்தில் மிச்சம் இருந்தது இந்த ஒரு முறைக்குத்தான்.

ஐம்பதாவது நிமிடம் ஈரம் காட்டும் எண் ஒன்றிலிருந்து நாலுக்கு ஏறியது. பத்தைத் தாண்டினால் எட்டாவது முறையும் பாழ்.

இடது கையுறையைப் பார்த்தேன். மோதிர விரலின் அடியில் எள்ளளவு கிழிசல்.

பெட்டிக்குள் கைவிடுமுன் மோதிரத்தைக் கழற்றுவது இங்கே பல் துலக்குவது போன்ற பழக்கம். பத்து நாளாக என் மோதிரம் வரவில்லை. சோப்புக்கும் மசியவில்லை, எண்ணெய்க்கும் மசியவில்லை. கல்லின் மேல் டேப் சுற்றிக்கொண்டு வந்தேன். டேப் நகர்ந்திருக்கிறது.

வலது கையால் அந்த விரலை இறுக்கிப் பிடித்தேன். எண் ஐந்தில் நின்றது. இனி விட முடியாது.

கதவு திறந்தது. மீட்டர். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள். எந்தக் கருவியைக் கண்டாலும் எண்ணைப் படிப்பாள், அதனால் அந்தப் பெயர். இந்த மாதம் பாதுகாப்புப் பொறுப்பும் அவளுடையது.

"என்னடி, சிலை மாதிரி நிக்கிறே? அஞ்சு காட்டுது!"

"கிளவுஸ் கிழிஞ்சிருச்சு. பிடிச்சிட்டிருக்கேன்."

"எது கிழிச்சது?"

"மோதிரம்."

"கழட்டலையா? புத்தி எங்க மேயப் போச்சு?"

"வரல."

"மோதிரம் வரலன்னா, விரல் வீங்கி..." அவள் நிறுத்தினாள். என் விரலைப் பார்த்தாள். பிறகு கீழ்ப் பொத்தான் போடாத என் கோட்டைப் பார்த்தாள். "அடிப்பாவி. எத்தனை மாசம்?"

பம்ப் இரண்டு சொட்டு விட்டது.

"அஞ்சு."

பிள்ளை உண்டானவர்கள் ரசாயன நெடியுள்ள இந்த அறைக்குள் வரக் கூடாது. நல்ல விதிதான், நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். தெரிந்த அன்றே மேஜை வேலைக்கு மாற்றிவிடுவார்கள். குடுவை வேறு கைக்குப் போய்விடும்.

"உன் வீட்டுக்காரருக்கு நீ இங்க வர்றது தெரியுமா?"

"உக்காந்து ரிப்போர்ட் எழுதறேன்னு நினைச்சிட்டிருக்காரு."

"நல்லா சுத்துறே, அவர் காதுல பூ. சரி, விரலை விடு. நான் அந்தப் பக்கக் கிளவுஸ்ல கைய விட்டு, கிழிஞ்ச விரல்ல ரப்பர் பேண்ட் போடறேன். நீ வெளிய போ, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"விட்டா அந்த ஒரு நிமிஷத்துல பத்தைத் தாண்டிரும்."

அது உண்மைதான். முழு உண்மை அல்ல.

"கிளவுஸ் கிழிஞ்ச காரணத்தை சேஃப்டி ரிஜிஸ்டர்ல எழுதணும்டி. உன் அஞ்சு மாசத்தையும்தான்."

"முடிஞ்சதும் எழுது."

"ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. பாத்ரூம் வந்தா?"

"எப்பவோ வந்துருச்சு."

சிரித்துவிட்டாள். சிரித்ததற்காகக் கோபம் வந்து, ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டுவந்து என் பின்னால் போட்டாள். பாதி உட்கார்ந்தேன். முகமூடி ஒன்றை எடுத்து என் முகத்தில் மாட்டினாள். என் மூக்கு அரித்தது. சொறிந்துவிடக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. எண் ஆறு ஆனது. திரும்ப ஐந்து. விரல் மரத்துப்போய் யாருடைய விரலோ ஆகிவிட்டது. வயிற்றுக்குள் இருப்பது இரண்டு முறை உதைத்தது. மீட்டரிடம் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் முடிந்து பம்ப் கூவியது. எண் ஏழு.

மீட்டர் வெளியிலிருந்து டார்ச் அடித்தாள். குடுவைக்குள் ஒளி இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் தெளிவாக வந்தது. ஒரு கட்டிகூட இல்லை.

"வந்துருச்சுடி," என்றாள் மெதுவாக. பிறகு ரிஜிஸ்டரைத் திறந்தாள். "எழுதட்டுமா?"

"எழுது."

பேனா ஓடும் சத்தம் கேட்டது. நான் விரலை விட்டுவிட்டு, குடுவையின் மூடியைத் திருகி இறுக்கினேன். இன்னொரு முறை இறுக்கினேன். இனி இறுக்க ஒன்றுமில்லை.

"கைய எடு," என்றாள் மீட்டர், எழுதியபடியே.

என் கைகள் உள்ளேயே இருந்தன.