மேஸ்திரிக்கும் ஒரு பேர் இருந்தது

மரக்காணம் உப்பளத்தில் கஸ்பார் மேஸ்திரியான அன்றே அவன் பேர் போய்விட்டது. பாத்தியில் அவனோடு சேர்ந்து உப்பு வாரிய அப்பாதுரைகூட "என்னா மேஸ்திரி" என்றுதான் கூப்பிட்டான். பங்குச் சாமியாருக்கும் அவன் மேஸ்திரிதான். அவனோ கூலிக்கு வரும் அறுபது பேரையும் பேர் சொல்லியே அழைப்பான்.

அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவன் அம்மா. அவளும் எழுபத்திரண்டாம் வருஷம் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகுதான் பெண்டாட்டி இன்னாசியம்மாளிடம் கேட்க ஆரம்பித்தான்.

"இன்னாசி, ஒரே ஒரு தபா பேர் சொல்லிக் கூப்புடேன்."

"நல்லா கேட்டீங்க. புருசன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு தெரியாதா?"

அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ரேஷன் கார்டு எழுத வந்த வெங்கடாசலம் புருஷன் பேர் கேட்டபோதுகூட, "மூணு ராஜாவுங்க இருக்காங்கல்ல, அதுல மொத ராஜா பேருங்க" என்றாள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் முதல் ராஜா பேர் கஸ்பார் என்று அந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? ராஜா என்றே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கார்டைப் பார்த்துக் கஸ்பார் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "இதுலயும் நான் இல்ல, பாரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தான். அப்போதும் அவள் மசியவில்லை. அவன் நூறு வயது இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லவும் அந்தப் பாவிக்குத் தெரியவில்லை.

எழுபத்தைந்து சித்திரை வெயிலில் வரப்பிலேயே சுருண்டு விழுந்தான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் கண் திறந்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"இப்பவாச்சும் கூப்புடு, இன்னாசி."

நாக்கு நுனிவரை வந்தது. இருக்கிற ஆயுசையும் நானே குறைப்பதா என்று பயந்து விழுங்கிவிட்டாள்.

"எழுந்து ஊட்டுக்கு வாங்க. வாசல்லயே நின்னு கூப்புடுறேன்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அப்பாதுரையைத் துணைக்கு வைத்துவிட்டு, கஞ்சி காய்ச்சி எடுத்துவர அன்று மாலையே பஸ் ஏறினாள். மறுநாள் காலை தூக்குவாளியோடு கிளம்புகையில் உப்பு லாரி வந்து வாசலில் நின்றது. பின்னால் தார்ப்பாயின் மேல் வேட்டி போர்த்திக் கிடந்தான் கஸ்பார். அப்பாதுரை தலையில் அடித்துக்கொண்டு இறங்கினான்.

"மேஸ்திரி போயிட்டாரே" என்று ஊரே அழுதது.

உள்ளே தூக்கிப் போகப் பார்த்தவர்களை இன்னாசியம்மாள் வாசலிலேயே நிறுத்தினாள். குறைவதற்கு இனி ஆயுசு ஏது?

"கஸ்பாரு" என்று கூப்பிட்டாள். "கஸ்பாரு, வாசல்லதான் நிக்கிறேன், பாருங்க."

தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள்.