அந்தோணிராஜ் கார்டு

பவர் பிரஸ் இயந்திரம் பேச்சிராஜின் வலக்கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்ட அன்று, கம்பெனிக் கணக்குப்படி அவன் வேலைக்கே வரவில்லை. வந்தது அந்தோணிராஜ்.

இருவரும் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன்கள். மண்ணூரில் ஒரே அறை, ஒரகடத்தில் ஒரே உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை. அந்தோணிராஜின் ஊர் மாதா கோயிலில் சப்பரத் திருவிழா வந்தது. லீவு கேட்டால் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் ரகு ஆளையே நிறுத்திவிடுவார். ஆகவே வார விடுப்பில் இருந்த பேச்சிராஜ், நண்பனின் கார்டைக் கேட்டில் தேய்த்துவிட்டு உள்ளே போனான். பையன்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவிதான் அது. ரகுவுக்கும் தெரியும். லைனில் ஆள் நின்றால் போதும், முகம் யாருடையது என்று அவர் பார்க்கமாட்டார்.

அடிபட்டதும் ரகுவே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் பேச்சிராஜ், பைக்கிலிருந்து விழுந்தவன் ஆகிவிட்டான்.

"இ.எஸ்.ஐ.ல உன் பேரையே பதியல. அதனால இழப்பீட்டைக் கம்பெனிதான் தரணும்" என்றார் வக்கீல் வேல்விழி. "வேலை செய்யும்போது அடிபட்டதுன்னு ஒருத்தர் சொன்னாப் போதும்."

யார் சொல்வது? லைனில் நின்றவர்கள் பிழைப்பை நினைத்து வாயைத் திறக்கவில்லை. மிச்சம் அந்தோணிராஜ்தான். சொன்னால் அவன் வேலை போகும்.

அந்தோணிராஜோ வேறு எல்லாம் செய்தான். கைக்கட்டின்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் குளிப்பாட்டினான். காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டான். சோறு பிசைந்து ஊட்டினான். முதல் கவளத்துக்கு முன் சிலுவை போட்டுக்கொள்வான். அந்த ஜெபம் தனக்கா இவனுக்கா என்று சொல்லமாட்டான்.

ஆரம்பத்தில் பேச்சிராஜின் கண் கலங்கியது. பிறகு அதே கண் வேவு பார்க்கத் தொடங்கியது. போன் வந்தால் இவன் ஏன் மாடிக்கு ஓடுகிறான்? "வக்கீலம்மா என்னல சொன்னாவ?" என்று தினமும் ஏன் கேட்கிறான்? ஒருநாள் சுங்குவார்சத்திரம் டீக்கடையில் ரகுவின் கை அந்தோணிராஜின் தோளில் கிடந்ததைப் பேச்சிராஜ் பஸ்ஸிலிருந்து பார்த்தான். அந்த வாரமே அந்தோணிராஜின் நீலத் தொப்பி போய், லைன் லீடரின் மஞ்சள் தொப்பி வந்தது.

"யாரு குடுத்தா?"

"ரகு சாருதான். தல பெருசாயிட்டாம்" என்று சிரித்தான் அந்தோணிராஜ், ஆரஞ்சை உரித்தபடி.

தூண்டில் புழு என்று நினைத்துக்கொண்டான் பேச்சிராஜ். "எனக்கு வேண்டாம்" என்று சுளைகளைத் தள்ளிவைத்தான்.

விசாரணை நாளன்று பேச்சிராஜ் எழுந்தபோது அறையில் அந்தோணிராஜ் இல்லை. இடக்கையால் தானே பொத்தான் போட்டுக்கொண்டான். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நின்ற சட்டையோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனான். வாசலில் ரகுவின் காரிலிருந்து அந்தோணிராஜ் இறங்கினான். பேச்சிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சார், இந்தப் பையன் அன்னிக்குக் கம்பெனி பக்கமே வரல" என்றார் ரகு அதிகாரியிடம். "மிஷினாண்ட நின்னவன் இதோ கீறான். நீங்களே கேளுங்க."

அந்தோணிராஜ் எழுந்தான். மஞ்சள் தொப்பி கைகளுக்குள் கசங்கியது.

"நான் அன்னிக்கு ஊர்ல சப்பரம் தூக்கிட்டு இருந்தேன் சார். எங்க பங்குச் சாமியாரக் கேளுங்க. என் கார்டுல வேல பாத்தது பேச்சி. பிரஸ்ல அவன நிக்க வச்சதே ரகு சாருதான்."

"டேய்! நேத்து இன்னா சொன்ன?"

"வாரியான்னு கேட்டிய, வாரேம்னேன். வந்துட்டேம்லா சார்?"

வேல்விழி எழுந்தார். "கார்டு யாருதா வேணா இருக்கட்டும் சார். வேலை வாங்கினது இவங்க. போனது இவன் விரல்."

அதிகாரி அந்தோணிராஜின் வாக்குமூலத்தை எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். ரகு தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினார்.

"இனிமே வழக்கு நிக்கும்" என்றார் வேல்விழி.

வெளியே வேப்பமர நிழலில் இருவரும் நின்றார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா ஒம் மூஞ்சி ரகுட்ட சொல்லிரும். என்னச் சாட்சியாக் கூட்டிட்டு வருவாரா? அதுக்கு முந்தியே வேலைய விட்டுத் தூக்கி, வேல போன ஆத்தரத்துல பொய் சொல்லுதாம்பாரு. ஒம் மூஞ்சில ஒண்ணும் நிக்காதேல. நேத்து நீ மொறச்ச மொறப்பு எனக்குத் தெரியாதாக்கும்?"

பேச்சிராஜ் தலையைக் குனிந்தான். இத்தனை நாள் சந்தேகப்பட்ட வாய்க்கும் அந்தோணிராஜ் ஊட்டத்தானே செய்தான்.

"வேல?"

"அது போச்சு. படப்பை பக்கம் ஆள் எடுக்கானாம், பாப்போம். ஏலே, என்ன சட்ட இது? பைத்தியக்காரன் மாதிரி."

அந்தோணிராஜ் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, முதலிலிருந்து போடத் தொடங்கினான். மேல் பொத்தானுக்கு வாகாகப் பேச்சிராஜ் முகத்தை நிமிர்த்திக் கொடுத்தான்.